ஏற்காட்டு மலைப் பள்ளிக்குப் புது எச்.எம். வந்தால் பிள்ளைகளின் படிப்பு மாறுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: ஏற்காடு பக்கம் உங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இந்த வருடம் புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார், நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள், உங்கள் அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள், இனி ரிசல்ட் எகிறிவிடும் என்று ஊரே பேசுகிறது. பாடம் நடத்துவது வாத்தியார்கள்தானே, எச்.எம். ஒருவர் மாறினால் பிள்ளைகளின் படிப்பு மாறுமா என்கிறீர்கள்.

மாறும். ஆனால் ஊர் அதைப் பத்தாவது ரிசல்ட்டில்தான் தேடப்போகிறது, அது முதலில் தெரிவதோ ஆறாம் வகுப்பில். இந்த ஒரு விஷயம் புரியாமல் ஊரும் அதிகாரிகளும் அவசரப்பட்டதால் நல்ல தலைமையாசிரியர்கள் இரண்டே வருடத்தில் மனம் நொந்து மாறுதல் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சேலத்துக்கு மேற்கே தறி ஓடுகிற ஊர் ஒன்றில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். அப்புறம் ஏற்காட்டு மலையில் ஏழு வருடம். கடைசியில் வாழப்பாடிப் பக்கம் நானே தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். அதே ஆசிரியர்கள், அதே கட்டடம், அதே ஊர்ப் பிள்ளைகள், நாற்காலியில் இருக்கிற ஆள் மட்டும் மாறியதும் பள்ளிக்கூடமே வேறாகிப் போனதையும் கண்டேன், ஆள் மாறியும் ஒரு மயிரிழைகூட அசையாததையும் கண்டேன்.

உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம், ஆய்வுகளும் அதே இடத்தில்தான் தொடங்குகின்றன. பள்ளிக்குள் இருக்கிற காரணங்களில் பிள்ளையின் படிப்பை அதிகம் தீர்மானிப்பது வகுப்பில் நிற்கிற ஆசிரியர். அதற்கு அடுத்த இடம் தலைமைக்கு என்று கென்னத் லீத்வுட்டும் அவருடைய சகாக்களும் 2004-ல், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து எழுதினார்கள். எச்.எம். பிள்ளையை நேராகத் தொடுவது குறைவு, ஆசிரியர் வழியாகத்தான் தொடுகிறார். எந்த வகையில் தொட்டால் பலன் அதிகம் என்பதை 2008-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனின் குழு ஐந்தாகப் பிரித்துப் பார்த்தது. இலக்கு வைப்பது, பணத்தையும் ஆளையும் சரியான இடத்தில் போடுவது, ஒழுங்கான சூழலைக் காப்பது, கற்பித்தலைத் திட்டமிட்டு மேற்பார்ப்பது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும்போது தானும் கூட உட்கார்ந்து கற்பது. ஆய்வாளர்கள் பலனை அளக்கிற அளவுகோலில் இந்தக் கடைசி ஒன்றின் தாக்கம் 0.84 என்று வந்தது. மற்ற நான்கில் எதுவும் 0.42-க்கு மேல் போகவில்லை. சரியாக இரட்டிப்பு! ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அறைக்குள் கோப்பு பார்க்கிறவரை விட, 'இந்தப் பாடம் ஏன் இவனுக்குப் போய்ச் சேரவில்லை' என்று அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறவர்தான் வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் 2021-ல் வந்த பெரிய தொகுப்பு ஒன்று இதை மாதக் கணக்கில் சொன்னது. நடுத்தரத்துக்குக் கீழே இருக்கிற பள்ளி முதல்வர் இடத்தில் நடுத்தரத்துக்கு மேலான ஒருவர் வந்தால், பிள்ளைகள் ஒரு வருடத்தில் கணக்கில் 2.9 மாதம், வாசிப்பில் 2.7 மாதம் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று. இதை அப்படியே நம் மலைக்குத் தூக்கி வர முடியாது. அங்கே பல ஊர்களில் முதல்வர் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே யாரும் தன் பள்ளிக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை, வேலையை விட்டு அனுப்புவதுமில்லை. கலந்தாய்வில் யார் வருகிறாரோ அவரை வைத்துத்தான் பள்ளியை நடத்த வேண்டும். அப்படியானால் எச்.எம். கையில் மிச்சம் என்ன இருக்கிறது? நான் நினைத்ததைவிட நிறைய இருக்கிறது என்பதை மலை மேல் ஒரு அம்மாவிடம் கற்றேன். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அவர் வந்த முதல் வாரம் யாரையும் திட்டவில்லை. கால அட்டவணையைத்தான் கையில் எடுத்தார். எங்களில் பாதிப்பேர் சேலத்தில் குடியிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவர்கள். பஸ் தாமதமானாலும், மழையில் பாதை அடைத்தாலும், மூடுபனியில் வண்டி ஊர்ந்து வந்தாலும் முதல் பாடவேளை போய்விடும். எட்டாவது, ஒன்பதாவது கணக்கெல்லாம் அந்த முதல் வேளையில்தான் இருந்தது. ஒரு நாளைக்கு 8 வேளை, வாரத்துக்கு 40. தினமும் முதல் வேளை போனால் 5. எட்டில் ஒரு பங்கு படிப்பு பஸ்ஸிலேயே கழிகிறது, ஒரு அறிக்கையிலும் அது வராது, ஏனென்றால் வருகைப் பதிவேட்டில் எல்லாரும் வந்தவர்கள்தான். அவர் கூட்டிக் காட்டியபோது எங்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மலையிலேயே தங்கியிருந்த இரண்டு பேருக்கும் தனக்கும் முதல் வேளைகளைப் போட்டுக்கொண்டார், கீழிருந்து வருகிறவர்களுக்கு இரண்டாவதிலிருந்து. அவரும் சேலத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஏற்காட்டிலேயே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டார். எந்த அரசாணையும் தேவைப்படவில்லை, ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்து ஆறாம் வகுப்பு. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். எங்கள் எல்லாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான். பாதிப்பேர் எழுத்துக்கூட்டினார்கள், சிலருக்கு அதுவும் வரவில்லை. இது மலைக்கு மட்டுமான குறை என்று நினைக்காதீர்கள். கிராமப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற அசர் ஆய்வின் 2022 அறிக்கைப்படி நாடு முழுக்கக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 விழுக்காடுதான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். மலையில் இதோடு சில சங்கடங்கள் சேர்கின்றன. சிற்றூர்களில் இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற தொடக்கப் பள்ளி, அதில் ஒருவர் விடுப்பென்றால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். அப்பா அம்மா எஸ்டேட்டுக்குப் பொழுது விடியுமுன் கிளம்பிவிடுவார்கள், வீட்டில் வாசித்துக் காட்ட ஆள் கிடையாது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அன்றுதான் கண் திறந்தது. ஒன்பதாவதில் ஒரு பையன், என் கணக்குப் பேப்பரில் ஒற்றை இலக்கம்தான் வாங்குவான், அவனை மக்கு என்றே முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அவன் அம்மா எத்தனை கிலோ காப்பிப் பழம் பறித்தார், கிலோவுக்கு என்ன கூலி, முன்பணம் பிடித்தது போக எவ்வளவு வர வேண்டும் என்பதை வாயாலேயே நொடியில் சொல்வான். பெரிய டீச்சர் அவனிடம் என் கேள்வித்தாளைக் கொடுத்து முதல் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசிக்கத் தெரியவில்லை. மூன்று வருடம் நான் அவனுக்குக் கணக்கு நடத்தினேன், அவன் கேள்வியையே வாசிக்க முடியாதவன் என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வாசிப்புக்கென்று தினம் ஒரு வேளை ஒதுக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் ஆசிரியர் அறையில் எதிர்ப்பு கிளம்பியது. எம்.எஸ்சி. படித்துவிட்டு அ, ஆ சொல்லித்தரவா வந்தோம், போர்ஷன் யார் முடிப்பது, அலுவலர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று. அந்தக் கேள்விகளில் நியாயம் இருந்தது. அவர் விவாதம் செய்யவில்லை. பிள்ளைகளை வாசிக்கும் நிலையை வைத்து நான்கு குழுவாகப் பிரித்தார், எழுத்தே தெரியாத குழுவைத் தான் எடுத்துக்கொண்டார், வாரம் ஒரு சாயந்திரம் அரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து எந்தப் பிள்ளை எந்தக் குழுவிலிருந்து நகர்ந்தது என்று மட்டும் பேசலாம் என்றார். முதல் கூட்டத்தில் அவரே, தன் குழுவில் ஒரு பெண்ணுக்கு உயிர்மெய் பிடிபடவே இல்லை, யாராவது வழி சொல்லுங்கள் என்று கேட்டார். தலைமையாசிரியர் தனக்குத் தெரியவில்லை என்று எங்கள் முன்னால் சொன்னது அதுதான் முதல் முறை. பள்ளியிலேயே வயதில் இளைய அறிவியல் டீச்சர் அதற்கு வழி சொன்னார், பலித்தது. அந்த 0.84-ஐப் பிற்பாடு படித்தபோது எனக்கு இந்தச் சாயந்திரம்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாவது விஷயம், வராத பிள்ளை. உங்களுக்கே தெரியும், நவம்பர் கடைசியிலிருந்து காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும், ஜனவரி வரை பறிப்பு, அதை ஒட்டியே மிளகு. வீட்டில் கூடுதலாக ஒரு கை இருந்தால் கூலி கூடும், இல்லையென்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்க வேண்டும். அரையாண்டுத் தேர்வும் சரியாக டிசம்பரில்தான் வரும். தேர்வுக்கு வராத பிள்ளை ஜனவரியில் வரக் கூச்சப்படும், பிப்ரவரியில் பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். மற்ற தலைமையாசிரியர்கள் டிசம்பரில் வருத்தப்படுவார்கள், இவர் அக்டோபரிலேயே எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போய்விடுவார், சாயந்திரம், வேலை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரமாகப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள், மற்ற நாள் எனக்கு விடுங்கள் என்று பேரம் பேசுவார். பள்ளியில் தினமும் பத்தரை மணிக்குள் வராதவர்களின் பெயர் அவர் மேசைக்குப் போக வேண்டும், பதினொன்றுக்குள் வீட்டுக்கு போன். சிக்னல் இல்லாத ஊருக்கு அந்தப் பக்கம் போகிற பால்காரரிடம் சொல்லி அனுப்புவார். பிள்ளை தொலைந்துபோவது ஒரே நாளில் நடப்பதில்லை, முதல் மூன்று நாளில் யாரும் கேட்கவில்லை என்றால்தான் அது நான்காவது நாளைத் தைரியமாக எடுக்கிறது. வகுப்பாசிரியர் தனி ஆளாக இதைச் செய்ய முடியாது, அவர் மணிக்கு மணி வகுப்பில் இருக்கிறார். இதற்கு எச்.எம். வேண்டும்.

முதல் வருடம் எங்கள் பத்தாவது ரிசல்ட் இறங்கியது. ஆமாம், இறங்கியது. மேலே விளக்கம் கேட்டார்கள், ஊரில் பேச்சு வந்தது. இரண்டாம் வருடமும் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய முதல் ஆறாம் வகுப்பு ஒன்பதாவதுக்கு வந்தபோதுதான் எங்களுக்கே புரிந்தது, அந்த வகுப்பில் கேள்வியை நானே வாசித்துக் காட்ட வேண்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை.

இப்போது இதற்கு நேர்மாறானது. தறி ஊரில் நான் வேலை பார்த்த பள்ளி நூற்றுக்கு நூறு வாங்குகிற பள்ளி, பேனர் வைப்பார்கள். அந்த நூறு எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது வரைதான் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பாமல் காப்பாற்றுகிறது, ஒன்பதாவதில் அந்தக் காவல் கிடையாது. ஏப்ரலில் தேறாத பிள்ளைகளின் அப்பாக்களைக் கூப்பிட்டு, இவனுக்குப் படிப்பு ஏறாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், பிரைவேட்டாக எழுதிக்கொள்ளலாம் என்று நயமாகச் சொல்லி அனுப்புவார்கள். அப்பாவும் தறியில் உட்கார வைத்துவிடுவார், கையெழுத்து வாங்கியாகிவிட்டது, கணக்கு சுத்தம். பத்தாவது அறையில் மிஞ்சியவர்களுக்கு மினிமம் மெட்டீரியல், எந்தக் கேள்வி கட்டாயம் வரும், எந்தப் படம் வரைந்தால் 35 கிடைக்கும் என்று ஜூனிலிருந்து மார்ச் வரை அதே தேய்ப்பு. அதையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன், பரீட்சை நெருங்கும்போது பின்தங்கிய பிள்ளைக்கு அந்தத் தாள் ஒரு கயிறு, பிடித்து ஏறட்டும். ஆனால் வருடம் முழுக்க அதுதான் பாடம் என்றால் அந்தப் பிள்ளை பதினொன்றாவதில் போய் என்ன செய்யும்? அந்த நூறையும் தலைமைதான் சாதித்தது. தலைமைக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது, அதனால்தான் சதவீதத்தை மட்டும் கேட்டு நாம் எச்.எம்.மை நெருக்கக் கூடாது என்கிறேன். நெருக்கினால் பலவீனமான பிள்ளைதான் கணக்கிலிருந்து காணாமல் போகும், மலையில் அது பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

சரி, எல்லாம் எச்.எம். கையில் என்று சொல்லிவிட்டால் அதுவும் அநியாயம். கணக்குக்கு ஆசிரியர் பணியிடம் ஆறு மாதமாகக் காலி என்றால் எந்தத் தலைமையும் ஒன்றும் செய்ய முடியாது. எச்.எம். பணியிடமே காலியாகி மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருந்தால், அவர் தன் பாடத்தையும் நடத்தி எமிஸ் என்கிற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, விலையில்லாப் பொருட்களின் கணக்கு, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைந்து, மிஞ்சிய நேரத்தில்தான் பள்ளியைப் பார்ப்பார். பதவி உயர்வு பணிமூப்புப்படி வருவதால் பலர் ஓய்வு பெறுமுன் சில வருடம் மட்டுமே அந்த நாற்காலியில் இருக்கிறார்கள், அதில் ஒரு மாறுதலும் வந்தால் ஆறாம் வகுப்பில் போட்ட விதை முளைப்பதைப் பார்க்கக்கூட இருக்க மாட்டார்கள்.

காகிதத்தில் தலைமையை வளர்க்கிற வேலையும் பலிக்காது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுத வைக்கிற முயற்சி ஒன்றைப் பெரிய அளவில் செய்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அதை முறையான பரிசோதனையாக ஆராய்ந்தார்கள். திட்ட அறிக்கைகள் ஒழுங்காக எழுதப்பட்டன, ஆனால் ஆசிரியர் வருகையோ பிள்ளைகளின் மார்க்கோ மாறவில்லை. நான் தலைமையாசிரியராக இருந்தபோது என் அலமாரியிலும் அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தன, எனவே எனக்கு அந்த முடிவு ஆச்சரியமாக இல்லை.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்தப் பலம் வெறும் கையெழுத்துக்கு இல்லை. பணியிடம் காலியாக இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், எச்.எம். எழுதினால் ஒரு கோப்பு, இருபது தாய்மார்கள் கையெழுத்துப் போட்டு நேரில் போனால் வேறு கதை. 2022-ல் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தத் தமிழக அரசு வழி செய்தது, பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தார்கள், இந்த வருடம் அந்த ஏற்பாடு உங்கள் பள்ளிக்கு உண்டா என்று எச்.எம்.மிடம் கேளுங்கள். சாயந்திர வகுப்பு வைக்கிறார், ஆனால் கடைசி பஸ் போய்விடுகிறது என்றால் டெப்போவில் பேச வேண்டியது அவர் மட்டும் இல்லை, நீங்களும்தான்.

உங்கள் அக்கா மகள் எட்டாவது என்கிறீர்கள். அவளுக்கு இந்த வருடம் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது, தேறினால் ஒன்பதாவதிலிருந்து நான்கு வருடத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அடுத்த வருடம் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. முதல் ஐந்து பேருக்கு மட்டும் விண்ணப்பம் போடுகிற எச்.எம். உண்டு, தகுதியுள்ள வகுப்பு முழுக்கப் போடுகிற எச்.எம். உண்டு. உங்கள் புது எச்.எம். எந்த வகை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்படியே, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் என்பதை இப்போதே அக்காவின் காதில் போட்டு வையுங்கள், பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு எழும்போது உதவும்.

முதல் கூட்டத்தில் போன வருட ரிசல்ட்டை எடுக்காதீர்கள். ஆறாவதில் எத்தனை பேர் தமிழ் சரளமாக வாசிக்கிறார்கள், நீங்களே கேட்டுப் பார்த்தீர்களா சார் என்று கேளுங்கள், பணிவாக. இந்த வாரம் எந்த வகுப்பில் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள். ஒன்பதாவதிலிருந்து போன ஏப்ரலில் எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்தார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள், அந்தப் பட்டியலில் உங்கள் ஊர்ப் பையன்கள் இருந்தால் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பதில் இல்லையென்றால் கோபப்பட வேண்டாம், வந்து சில மாதம்தானே ஆகிறது, அடுத்த கூட்டத்தில் மறுபடி கேளுங்கள். அப்புறம் அக்டோபரில் ஒரு சாயந்திரம், பழம் சிவக்கும் முன்னால், நீங்களே அவரை உங்கள் வண்டியில் உட்கார வைத்து லைன் வீடுகளுக்குக் கூட்டிப் போங்கள். ஊருக்குப் புதியவர், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.